39.99999-ம் 40-ம்

டாக்டெஸ்ட் ஃபெயில் ஆனா உடனே 'ஸ்கிப்' போட்டு வாயை அடைக்கிற பழக்கம் இருக்கே மக்களே, அது எனக்குச் சுத்தமாப் பிடிக்காது.

பைத்தான் டாக்டெஸ்ட், ஆவணத்துல இருக்கற உதாரணத்தை ஓட்டி, வந்த விடையை எழுதியிருக்கற விடையோட எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். தசமக் கணக்குக்கு இந்தக் கறார் ஆகாது. 0.1, 0.2 ரெண்டையும் கூட்டினா 0.30000000000000004. ப்ராசசர், லைப்ரரி மாறினா கடைசி இலக்கம் ஆடும். கணக்கு மாறாம அச்சு மட்டும் மாறுறதும் உண்டு. 2009-ல பைத்தான் 3.1 வர்றதுக்கு முன்னாடி 0.1-னு அடிச்சா 0.10000000000000001-னு திருப்பிக் காட்டும்! 2018-ல நம்பை 1.14 அச்சு முறையை மாத்தினப்போ, பழைய மாதிரியே காட்ட தனி வசதியும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதாச்சு.

நம்ம பக்கத்துக் கணக்கையே எடுத்துக்குவோம். ராஜபாளையம் மில்லுகள்ல கவுண்ட் பார்க்க 120 கெஜம் நூலைச் சுத்தி நிறுப்பாங்க. 64.8-ஐ அந்த கிராம் எடையால வகுத்தா கவுண்ட். 1.62 கிராம்னா 40-ஆம் நம்பர் நூல். இதையே கெஜம், மீட்டர், பவுண்டுன்னு மாத்தி மாத்திப் போட்டு 39.99999999-னு வந்தா? '40.0'-க்குப் பின்னாடி மூணு புள்ளி வெச்சு மிச்சத்தை விட்டுடற எலிப்சிஸ் வித்தை இங்க செல்லாது. 39-ல ஆரம்பிக்கறது அதுக்குப் பொருந்தாதே.

"அட, அரை கவுண்ட் முன்னப்பின்ன இருந்தா விட்டுடு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல கால் கிலோ பால்கோவா வாங்கறப்போ ஒரு விள்ளலுக்குச் சண்டையா போடறோம்?"னு கேக்கறவங்களும் உண்டு. (நான் போடுவேன், அது வேற விஷயம் :-)) தராசோட பிழை வேற, கம்ப்யூட்டரோட பிழை வேற சாமி. டெஸ்ட்டுல 1.62-ங்கறது நாமளே கொடுத்த எண். அதுல தராசுக்கு வேலையே இல்ல. 120 கெஜம் 109.728 மீட்டர். யாரோ சோம்பேறித்தனமா 110-னு போட்டா கவுண்ட் 40.1 வரும். அரை கவுண்ட் சலுகையில அது ஜாலியா பாஸ் ஆயிடும். புதுசா சேர்ற பொண்ணு அந்த உதாரணத்தைத்தான் நம்பி காப்பி பண்ணுவா.

பைடெஸ்ட்ல 2019-ல 'நம்பர்'னு ஒரு ஆப்ஷன் வந்துச்சு. நாம எத்தனை தசமம் எழுதறோமோ அந்த அளவுக்குத்தான் பார்க்கும். அதுலயும் 40.000-னு எழுதுங்க. வெறும் 40.0-ன்னா 0.1 வரைக்கும் விட்டுடும், அந்த 110 மீட்டர் நூலிழையில உள்ள நுழைஞ்சுடும்.