ஏழாவது விருந்தாளியும் பதினோராம் மணியும்

ஒரு கதை வெற்றி பெற்றுவிட்டால் அதற்கு இரண்டாம் பாகம் எழுதியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் திரைப்படத்துக்கு மட்டும் உரியதன்று. கணினி விளையாட்டும் அதற்குத் தப்பவில்லை. 1993இல் வெளிவந்த 'த செவன்த் கெஸ்ட்', 1995இல் வந்த அதன் தொடர்ச்சியான 'த இலெவன்த் அவர்' ஆகிய இரண்டும் இதற்கு நல்ல உதாரணம்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் இயங்கிய ட்ரைலோபைட் நிறுவனத்தில் றொப் லண்டெரோசும் கிரேம் டிவைனும் உருவாக்கிய முதல் விளையாட்டு இரண்டு இறுவட்டுகளில் வந்தது. இறுவட்டு இயக்கி பலருடைய கணினிகளில் இல்லாத காலம் அது. இருந்தும் 20 இலட்சத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாயின.

ஸ்டவுஃப் என்ற பொம்மை செய்பவனின் மாளிகைக்கு ஆறு விருந்தாளிகள் வருகின்றனர். ஏழாமவர் யார்? அதைவிட முக்கியமாக, அந்த மாளிகையில் உலவும் நாம் யார்? இந்த இரண்டாவது கேள்விக்கு இறுதிவரை விடை கிடைப்பதில்லை. திகிலின் ஊற்று அங்கேதான் இருக்கிறது. நடிகர்களைத் தனியே படம்பிடித்துக் கணினியில் வரைந்த அறைகளுக்குள் ஒட்டியபோது அவர்களைச் சுற்றி ஒரு மங்கலான விளிம்பு தங்கிவிட்டது. தொழில்நுட்பத்தின் அந்தக் குறையே அவர்களை ஆவிகளாகக் காட்டியது.

இரண்டாம் பாகம் நான்கு இறுவட்டுகள். படத்தின் தெளிவு கூடியது, வர்ணங்கள் பெருகின. அவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் நமக்கு ஒரு பெயரும் தொழிலும் தரப்பட்டுவிட்டன. 60 ஆண்டுகளின் பின், காணாமற்போன தயாரிப்பாளர் றொபினைத் தேடி அதே மாளிகைக்குள் நுழையும் தொலைக்காட்சிப் புலனாய்வுச் செய்தியாளர் கார்ல் டெனிங் நாம்தான். யாரென்று தெரிந்தபின் பாதிப் பயம் போய்விடுகிறது. மீதிப் பயத்தைக் கதை சொல்லும் முறை போக்கிவிடுகிறது. முன்னர் ஆவிகள் நம் கண்முன்னே அறைக்குள் தோன்றின. இங்கோ, கையிலுள்ள சிறு கணினியில் காணொளித் துண்டுகளாகக் கதை வந்து சேர்கிறது. வீடு வெறும் பின்னணியாகிவிடுகிறது.

பத்திரிகைத் தொழிலில் காலம் கழித்தவன் என்ற வகையில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. டெனிங் எவரையும் செவ்வி காண்பதில்லை, எதையும் சரிபார்ப்பதில்லை. யாரோ அனுப்பும் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முடிவில் மூன்று பெண்களில் ஒருவரைத் தெரிவுசெய்யும் நிலைக்குத் தள்ளப்படுகிறார். புலனாய்வு என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை.

புதிர்களிலும் இதே கதைதான். முதற்பாகத்தில் மண்டையோடுகளும் கல்லறைக் கற்களும் பதித்த கேக்கைச் சமமாகப் பங்கிடவேண்டும். கண்ணும் பொறுமையும் உள்ள எவராலும் முடியும். இரண்டாம் பாகத்தின் புதையல் வேட்டையோ ஆங்கிலக் குறுக்கெழுத்துப் பாணியிலான சொல் விளையாட்டு. எழுத்துகளை இடம்மாற்றிப் பொருள் காணவேண்டும். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவருக்கு வாசற்படியிலேயே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் பாகம் முதிர்ந்தவர்களுக்கான துணிச்சலான கதை என்று வாதிடுவோர் உளர். துணிச்சல் வேறு, திகில் வேறு. 2023இல் மெய்நிகர் கருவிகளுக்காகப் புதிதாக ஆக்கப்பட்டது முதற்பாகமே. விருந்துக்கு அழைத்த வீட்டையே வாசகரும் விளையாடுவோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பதினோராம் மணிக்கு வந்த செய்தியாளரை அல்ல.