சுவர் இருந்தால்தானே சித்திரம்?

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும்." உடம்பைக் கவனிக்காமல் அலைந்தால் வீட்டில் பெரியவர்கள் சொல்லும் பழமொழி இது. இதை அப்படியே நேர்ப்பொருளில் எடுத்துக்கொள்ள வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறது நண்பர்களே. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ்தான் அது.

அந்த ஊர் என்றதும் நமக்கு ஹாலிவுட்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1781-ல் அதை நிறுவியவர்கள் இன்றைய மெக்சிகோ பகுதியிலிருந்து வந்த 44 பேர். 1848-ல், ஒரு போருக்குப் பிறகுதான், அது முறைப்படி அமெரிக்காவின் கைக்குப் போனது. இன்றும் ஊரில் ஏறக்குறைய பாதிப்பேர் லத்தீனோக்கள், அதாவது மெக்சிகோ, எல் சால்வடார் போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளில் வேர் உள்ளவர்கள். இவர்களுடைய சரித்திரத்தின் பெரும்பகுதி பாடப்புத்தகங்களை விடத் தெருச்சுவர்களில்தான் இருக்கிறது. சுவரில் இருப்பதை அழிப்பது எவ்வளவு சுலபம் பாருங்கள்!

1932-ல் மெக்சிகோ ஓவியர் டேவிட் அல்ஃபாரோ சிக்கேரோஸ், ஊரின் பழைய மையமான ஒல்வெரா தெருவில் 'அமெரிக்கா டிராபிக்கல்' என்ற பெரிய சுவரோவியத்தை வரைந்தார். வரையச் சொன்னவர்கள் எதிர்பார்த்தது பச்சைப்பசேல் என்று ஒரு வெப்பமண்டலக் காட்சி. அவர் வரைந்ததோ, சிலுவையில் அறையப்பட்ட ஒரு பழங்குடி உழவனையும் அவன் தலைக்கு மேல் அமெரிக்கக் கழுகையும். சுற்றுலாப் பயணிகளுக்காக அழகுபடுத்திய தெருவில் இதை விடுவார்களா? சில மாதங்களிலேயே தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கு வெள்ளையடித்தார்கள். பத்து வருடத்துக்குள் முழு ஓவியமும் மறைந்தது. கெட்டி நிறுவனமும் நகராட்சியும் சேர்ந்து அதைப் பாதுகாத்து மக்கள் பார்வைக்குத் திறந்தது 2012-ல். 80 வருடம்! அதற்குள் நிறம் போய், வெளிறிய உருவம்தான் மிச்சம்.

இன்னொரு சுவர். ஜூடி பாக்கா என்ற ஓவியர் 1976-ல் தொடங்கி, 400-க்கும் மேற்பட்ட இளைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு வெள்ளநீர்க் கால்வாயின் கான்கிரீட் சுவரில் 2,754 அடி நீளத்துக்கு ஊரின் கதையை வரைந்தார். 'லாஸ் ஏஞ்சல்ஸின் பெருஞ்சுவர்' என்று பெயர். 1930-களில் மெக்சிகோ வம்சாவளியினரை, அமெரிக்கக் குடிமக்கள் என்றுகூடப் பார்க்காமல், ரயிலேற்றி அனுப்பியது அதில் இருக்கிறது. சாவேஸ் ரவீனும் இருக்கிறது. அங்கே மெக்சிகோ வம்சாவளியினரின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. 1950-ல் அரசு வீடுகள் கட்டப்போகிறோம் என்று காலி செய்யச் சொன்னார்கள். வீடுகள் வரவில்லை. 1959-ல் கடைசிக் குடும்பங்களைப் போலீஸ் வெளியே தூக்கிப் போட்டது. 1962-ல் அங்கே பேஸ்பால் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. பாக்காவின் ஓவியத்தில் அந்த ஸ்டேடியம் ஒரு பறக்கும் தட்டு மாதிரி வீடுகள் மேல் வந்து இறங்குகிறது. இன்று சுவரில் சாவேஸ் ரவீன் இருக்கிறது; தரையில் இல்லை.

இங்கேதான் என் கேள்வி. ஓவியத்தைக் காப்பாற்றிவிட்டால் சரித்திரத்தைக் காப்பாற்றியதாகிவிடுமா?

ஆகாது என்பதுதான் என் கருத்து. அமெரிக்காவில் ஓவியரின் படைப்பைச் சிதைக்காமல் காக்கும் சட்டம் 1990-லேயே வந்துவிட்டது. இருந்தும், 1984 ஒலிம்பிக்ஸுக்காக இதே பாக்கா நெடுஞ்சாலைச் சுவரில் வரைந்த மாரத்தான் வீராங்கனை ஓவியத்தின் மேல் 2019-ல் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அதோடு, அந்தச் சட்டம் ஓவியரின் உரிமையைத்தான் பேசுகிறது. அந்தச் சுவரைப் பார்த்து வளர்ந்த தெருவுக்கு அதில் எந்த உரிமையும் இல்லை.

பாயில் ஹைட்ஸ் பகுதியில் எஸ்ட்ராடா கோர்ட்ஸ் என்ற அரசுக் குடியிருப்பு இருக்கிறது. 1970-களில் அங்கே குடியிருந்தவர்களும் ஓவியர்களும் சேர்ந்து பல டஜன் சுவரோவியங்கள் வரைந்தார்கள். அவற்றில் பல இன்றும் இருக்கின்றன. வாடகை ஏறிப்போய் ஆட்களை விரட்டாத இடம் அது. படத்தில் இருப்பவர் யார் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். எந்தக் காப்பகமும் இதற்கு ஈடாகாது.

"ஊர் என்றால் மாறத்தான் செய்யும், சுவரின் சொந்தக்காரருக்கு உரிமை இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாச் சுவரையும் அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் அழிப்பதற்கு முன் அந்தத் தெருவைக் கேட்கலாம். புகைப்படங்களையும் பெரியவர்களின் வாய்மொழியையும் அந்தப் பகுதி நூலகத்திலேயே சேர்த்து வைக்கலாம். முக்கியமாக, ஓவியத்தைப் புதுப்பிக்கக் காசு கொடுப்பவர்கள் அதைச் சுற்றி வாழ்பவர்களின் வாடகையைப் பற்றியும் யோசிக்கலாம். 2021-ல் பெருஞ்சுவரை நீட்டிப்பதற்காக மெல்லன் அறக்கட்டளை 50 லட்சம் டாலர் கொடுத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் வரைந்த பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வெளியூரிலிருந்து பஸ் ஏறி வரவேண்டிய நிலைமை வந்தால், அதைச் சரித்திரம் என்பதா, வெறும் அலங்காரம் என்பதா?

பழமொழியில் சொல்லும் சுவர் செங்கல்லும் சிமெண்ட்டும் மட்டும் இல்லை, அங்கே குடியிருக்கும் மனிதர்களும்தான் என்று எனக்குப் படுகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது? மாற்றுக்கருத்து இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள், விவாதிப்போம்.