"வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு ஆபரேஷன்?"

கொஞ்சம் நீளமான திரெட். வீட்டுல அறுபது தாண்டினவங்க இருந்தா படிங்க.

தொடை இடுக்குல வீக்கம். நின்னா, இருமினா வெளியே வரும், படுத்தா உள்ளே போயிடும். இதுதான் குடலிறக்கம், ஹெர்னியா. (ஓதம்னு நினைச்சு வர்றவங்க நிறைய. ஓதம்ங்கிறது விரையைச் சுத்தி நீர் கோக்கிறது, அது வேற.) கள்ளக்குறிச்சி பக்கம் ஓபியில் இந்த வீக்கத்தோட வர்ற பெரியவங்க பாதிப்பேர் சொல்றது மேலே தலைப்புல இருக்கிறதைத்தான்.

நான் சர்ஜன் இல்லை, எம்பிபிஎஸ். சர்ஜன்கிட்ட போறதுக்கு முன்னாடி பார்க்கிற ஆள். சில வருஷம் முன்னாடி கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெரியவர்கிட்ட நானே சொன்னேன்: "வலி இல்லல்ல தாத்தா? அப்படியே இருக்கட்டும், வலிச்சா வாங்க." (அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன்.)

புத்தகப்படி அது தப்பில்லை. 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒண்ணு இருக்கு. பெரிய தொந்தரவு இல்லாத 720 ஆண்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்குக் கண்காணிப்பு மட்டும். கண்காணிப்புல இருந்தவங்கள்ல குடல் திடீர்னு மாட்டிக்கிட்டது வருஷத்துக்கு ஆயிரத்துல ரெண்டு பேருக்கும் குறைவு.

பெரியவரும் சொன்னபடி வலிச்சப்போ வந்தார். ஆனா அது ரெண்டாம் நாள். ஊர்லேருந்து ரோடு வரைக்கும் தூக்கிட்டு வந்து, வண்டி பிடிச்சு, மலைப்பாதையில இறங்கி வர்றதுக்குள்ள குடல் கறுத்துப்போச்சு. வெட்டி இணைச்சாங்க. பிழைக்கலை.

அந்த ஆய்வோட கணக்கு, கூப்பிட்ட நேரத்துக்கு ஆஸ்பத்திரி போக முடிஞ்சவங்களுக்கான கணக்கு. கல்வராயன் மலை மக்களோட வாழ்க்கை நிலை பத்தி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே தானா முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது. அங்கேயிருந்து வர்றவர்கிட்ட "வலிச்சா வாங்க"ன்னு சொல்றது வைத்தியம் இல்லைங்கிறது என் கருத்து.

சுவீடன் நாட்டுப் பதிவேட்டை வச்சு 2007-ல் வந்த கணக்கையும் பாருங்க. திட்டமிட்டுப் பண்ற தொடை இடுக்கு குடலிறக்க ஆபரேஷனுக்கு அப்புறம் ஒரு மாசத்துல இறப்பு, அதே வயசுள்ள பொதுஜனங்களை விட அதிகமில்லை. அவசரமா பண்ணா 7 மடங்கு. குடலை வெட்ட வேண்டி வந்தா 20 மடங்கு. பயப்பட வேண்டியது வயசைப் பார்த்து இல்லை, அவசரத்தைப் பார்த்து.

ஆபத்தே இல்லைன்னு சொல்ல வரலை. முதுகுல ஊசி போட்டா, அதுவும் ப்ராஸ்டேட் வீக்கம் இருந்தா, அன்னிக்கு ராத்திரி யூரின் அடைச்சுக்கும், டியூப் போடணும். சிலர் ரெண்டு நாள் மனக்குழப்பத்துல யாருன்னு தெரியாம பேசுவாங்க, வீட்டுல பதறிடுவாங்க, பெரும்பாலும் தெளிஞ்சுடும். பத்துல ஒருத்தருக்கு அந்த இடத்துல வலி மாசக்கணக்குல நிக்கலாம். பீடி இருமல் இருந்தா திரும்ப வர வாய்ப்பு கூடும். ஹார்ட்டுக்கு ரத்தத்தை இளக்குற மாத்திரை சாப்பிடறதை மறைச்சா விரைப்பை ரத்தம் கட்டி வீங்கும். அதுக்காக நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, சீட்டை எடுத்துட்டு வாங்க போதும்.

ஹார்ட், நுரையீரல் பலவீனமா இருக்கிறவங்களுக்கு அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டே வலை வச்சுத் தைக்கலாம். "மயக்கம் தாங்க மாட்டார்"னு நீங்களே முடிவு பண்ண வேண்டாம்.

பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. தொடை இடுக்குக்குக் கொஞ்சம் கீழே வர்ற வகை பெண்களுக்குத்தான் அதிகம். சீக்கிரம் மாட்டிக்கும். வெட்கப்பட்டுச் சொல்லாம இருந்து, வாந்தியோட வர்றவங்களைப் பார்த்திருக்கேன். அதுல காத்திருக்கிற பேச்சே கிடையாது.

இலவச ஆபரேஷன்தானேன்னு நாங்க சுலபமாச் சொல்லிடறோம். கூட வர்ற மகனுக்கு ஒரு வாரக் கூலி போகும். அதான் தள்ளிப்போடறாங்க. தேதியை அறுவடை முடிஞ்சு குடுங்கன்னு கேளுங்க, நாங்க பேசிக்கலாம்.

வீக்கம் உள்ளே போகலை, கல்லு மாதிரி இருக்கு, வலிக்குது, வாந்தி வருதுன்னா அமுக்கிப் பார்க்காதீங்க, எண்ணெய் தேய்க்காதீங்க, சாப்பிட எதுவும் குடுக்காதீங்க. விடியட்டும்னு உட்காராம அப்பவே 108-க்குப் போன் போடுங்க.