அலைக்கற்றையிலும் மேய்ச்சல் புறம்போக்கு வேண்டும்

நிலக்கடலை அறுவடைப் பருவத்தில் ஒரு மானாவாரி கிராமத்துக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு சிறு விவசாயி இரண்டு ஏக்கர் கடலையைப் பிடுங்கி, செடியோடு வயலிலேயே காயப் போட்டிருந்தார். அன்றிரவு பெய்த மழையில் எல்லாம் நனைந்தது. காய் கறுத்தது, ஒரு பகுதி முளைத்தும் விட்டது. மழை எச்சரிக்கைச் செய்தி அவருடைய செல்போனுக்கு முந்திய நாளே அனுப்பப்பட்டிருந்தது. ஆனால், அந்த ஊரில் டவர் கிடைக்காது. இரண்டு நாள் கழித்து அவர் சந்தைக்குப் போனபோது, பஸ் நிலையத்தில்தான் செய்தி வந்து சேர்ந்தது. "செய்தி சரியாகத்தான் இருக்கிறது ஐயா, கடலைதான் போய்விட்டது" என்றார் அவர்.

விதை, உரம், தண்ணீர், கடன் ஆகியவற்றைப் போலச் செய்தியும் இன்று ஓர் இடுபொருள் ஆகிவிட்டது. வானிலை முன்னறிவிப்பு, சந்தை விலை, மானிய விண்ணப்பம் ஆகியவை செல்போன் வழியாகவே வருகின்றன. நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வந்தால், வீட்டில் இருந்தபடியே பம்ப்செட்டை ஓட்ட செல்போன் ஸ்டார்ட்டர் வந்துவிட்டது. இவை அனைத்தும் நம் தலைக்கு மேலே செல்லும் வானொலி அலைகளை நம்பி இருக்கின்றன. அந்த அலைகளை யார், எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்பதைத் தீர்மானிப்பது மத்திய அரசின் அலைக்கற்றைக் கொள்கை. அதைப் பற்றி விவசாயிகளும் கருத்துச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிலத்துக்கு சர்வே எண் இருப்பதைப் போல அலைகளுக்கும் எண் உண்டு. அதை மெகாஹெர்ட்ஸ் என்ற அளவில் சொல்கிறார்கள். எண் குறைந்த அலைகள் நெடுந்தூரம் செல்லும். மரம், சுவர் ஆகியவற்றையும் ஓரளவு ஊடுருவும். எண் கூடிய அலைகள் அதிகச் செய்தியைச் சுமக்கும். ஆனால் தூரம் குறைவு. ஆகவே வீடுகள் சிதறிக் கிடக்கும் கிராமப்புறத்துக்கு 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் மிகவும் ஏற்றவை. குறைந்த டவர்களைக் கொண்டே அதிகப் பரப்பை எட்டலாம்.

வானலைகள் பொதுமக்களின் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்தது. 2012-ஆம் ஆண்டில் 122 உரிமங்களை அதே நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் ஏலமே பெருவழக்காயிற்று. வேண்டியவருக்கு ஒதுக்குவதை விட ஏலம் நேர்மையானது, அதில் ஐயமில்லை. 2022-ஆம் ஆண்டு ஏலத்தில் மட்டும் ரூ.1,50,173 கோடிக்கு அலைக்கற்றை விலை போயிற்று.

ஆனால், ஏலத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். மேலே சொன்ன 700 மெகாஹெர்ட்ஸ் அலைகள் 2016-ஆம் ஆண்டில் முதன்முதலாக ஏலத்துக்கு வந்தன. நாடு முழுவதற்குமாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு ரூ.11,485 கோடி என்று அடிப்படை விலை வைத்தார்கள். ஒருவரும் கேட்கவில்லை. 2021-ஆம் ஆண்டு ஏலத்திலும் கேட்பாரில்லை. 2022-ஆம் ஆண்டில்தான் முதன்முறையாக விற்பனை ஆயிற்று. கிராமத்துக்கு ஏற்ற அலை ஆறு ஆண்டுகள் தரிசாகக் கிடந்தது. 2024-ஆம் ஆண்டில் பல்வேறு எண்களில் 10,500 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏலத்துக்கு வைத்தார்கள். விற்றது சுமார் 141 மட்டுமே.

இன்று விலை போகாத நெல்லை அடுத்த மாதம் விற்கலாம். பயன்படுத்தாத அலையைச் சேமித்து வைக்க முடியாது. அது கடலில் கலந்த ஆற்று நீருக்குச் சமம். விற்றது போக மீதி யாருக்கும் உதவாமல் கிடப்பது எந்த வகையிலும் இலாபம் அல்ல.

நம் கிராமங்களில் பட்டா நிலமும் உண்டு; மேய்ச்சல் புறம்போக்கும் உண்டு. நிலமற்றவரின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் அங்கே இடம் இருந்தது. அலைக்கற்றையிலும் அத்தகைய பொது இடம் கொஞ்சம் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டில் 2,400 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு பகுதியையும், 865 முதல் 867 வரையுள்ள சிறு பகுதியையும் உரிமம் இன்றிப் பயன்படுத்த அரசு அனுமதித்தது. பின்னது பிறகு 868 வரை நீட்டப்பட்டது. 2018-ஆம் ஆண்டில் 5,000 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட சில பகுதிகளும் திறந்து விடப்பட்டன. குறைந்த சக்தி, அங்கீகரிக்கப்பட்ட கருவி என்ற நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் பயன்படுத்தலாம். கட்டணம் கிடையாது. வைஃபை இயங்குவது இந்தப் பொது இடத்தில்தான். மண்ணின் ஈரத்தையும் கிணற்று நீர்மட்டத்தையும் அளந்து, சிறிய பேட்டரியில் ஓடி, சில கிலோமீட்டர் தூரம் செய்தி அனுப்பும் கருவிகள் 865 பகுதியில் இயங்குகின்றன. ஆனால் அந்தப் பகுதியின் அகலம் மூன்றே மெகாஹெர்ட்ஸ். இது போதாது.

அலை மட்டும் இருந்தால் போதுமா? வாய்க்கால் இருந்தால்தான் வயலுக்குத் தண்ணீர் வரும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கேபிள் கொண்டு செல்லும் திட்டம் வகுக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம் வரை வரும் கேபிள் அங்கேயே நின்றுவிட்டால், மதகு வரை வந்து வயலுக்கு வராத தண்ணீர் போன்றதே. அங்கிருந்து தெருவுக்கும் வயலுக்கும் கொண்டு செல்ல மேற்கூறிய பொது அலைகளே மலிவான வழி.

இதற்காக 2020 டிசம்பரில் பிஎம்-வானி என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டீக்கடைக்காரரும் மளிகைக்கடைக்காரரும் உரிமம், பதிவு, கட்டணம் ஏதுமின்றி வைஃபை இணைப்பை ஊருக்குச் சில்லறையாக விற்கலாம். ஆனால், அவர்கள் நிறுவனங்களுக்குச் செலுத்த வேண்டிய கட்டணம் எட்டாத உயரத்தில் இருந்தது. வீட்டு இணைப்புக் கட்டணத்தைப் போல இரு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூனில் உத்தரவிட்டது. இது நல்ல முடிவு.

பொது இடம் என்றால் நெரிசல் வரும், குறுக்கீடு வரும் என்பது ஒரு வாதம். நகரங்களில் அது உண்மைதான். வீட்டுக்கு வீடு பனந்தோப்பு இடைவெளி உள்ள கிராமத்தில் அந்த அச்சம் குறைவு. அரசின் வருமானம் குறையும் என்பது மற்றொரு வாதம். விற்காமல் கிடக்கும் அலையில் வருமானம் ஏது? டவர் நட வேண்டிய நிறுவனங்களுக்கு உரிமம் பெற்ற அலைகளும் தேவை. அவற்றை எடுத்துவிடும்படி நான் சொல்லவில்லை. பட்டாவும் இருக்கட்டும், புறம்போக்கும் இருக்கட்டும்.

எனவே மூன்று காரியங்கள் நடைபெற வேண்டும். முதலாவதாக, உரிமம் தேவையில்லாத பகுதியை, குறிப்பாக 865 பகுதியை, அகலப்படுத்த வேண்டும். இரண்டாவதாக, வாங்கியும் பயன்படுத்தாத அலைகளைத் திரும்பப் பெற 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவற்றையும் ஏலத்தில் விலை போகாதவற்றையும் ஊராட்சிகள், கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவை உள்ளூர் அளவில் குறைந்த கட்டணத்தில் பயன்படுத்த வழிசெய்ய வேண்டும். மூன்றாவதாக, ஊராட்சிக் கேபிளை வைஃபை மூலம் ஊருக்குப் பகிர்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

விவசாயிகளுக்கும் ஒரு வேண்டுகோள். டவர் கிடைக்கவில்லை என்று கடையில் விற்கும் பூஸ்டர் கருவியை வாங்கி மாட்டாதீர்கள். அனுமதியின்றி அதை வைப்பது குற்றம். பக்கத்து ஊருக்குக் கிடைக்கும் டவரையும் அது கெடுக்கும். மாறாக, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் ஊராட்சிக்குக் கேபிள் வந்துவிட்டதா? வந்திருந்தால் அது யாருக்குப் பயன்படுகிறது? இக்கேள்விகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒழுங்குமுறை ஆணையம் கொள்கை வகுக்குமுன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது. உங்கள் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதமாவது அங்கே போகட்டும்.

ஏரியையும் மேய்ச்சல் நிலத்தையும் ஆக்கிரமிப்புக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்கள் நாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பொதுச் சொத்தின் பங்கை இப்போதே கேட்டுப் பெறுவது நல்லது.