ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்

உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையில் கண் திறக்க மறுக்கிறது. தூக்கிக்கொண்டு போய்க் கடையில் வைக்கிறீர்கள். அங்கிருக்கும் பையன் ஸ்க்ரூவைத் திருகுவதற்கு முன்பே என்ன சொல்வான் என்று உங்களுக்குத் தெரியும். ‘போர்டு போயிடுச்சு சார். மாத்திட்டு ஃபார்மேட் அடிச்சிடலாம்.’

முதல் வாக்கியத்தோடு எனக்குச் சண்டை இல்லை. மதர்போர்டு போகும். கபாசிட்டர் உப்பும், இடி இறங்கும், யு.பி.எஸ். காலை வாரும். என் சண்டை இரண்டாவது வாக்கியத்தோடுதான். போர்டு போனால் போர்டை மாற்று. ஹார்ட் டிஸ்க் என்ன பாவம் செய்தது? வாசக்கதவின் கீல் உடைந்ததற்காக வீட்டுச் சாமான்களைத் தெருவில் எறிகிற ஆசாரியை நீங்கள் பார்த்ததுண்டா?

நான் ஏமாந்தது 2008-ல். விண்டோஸ் எக்ஸ்பி மெஷின். அப்பா ரிட்டயரான பிறகு தமிழ் டைப்பிங் கற்றுக்கொண்டு, தினம் ஒரு பக்கம் அடித்துக்கொண்டிருந்தார். ஊர், பங்காளிச் சண்டை, யார் யாருக்கு என்ன உறவு, எந்த வருஷம் ஆற்றில் வெள்ளம், இப்படி. ‘டி டிரைவ்ல கை வைக்க மாட்டேன் சார், சி மட்டும்தான் அடிப்பேன்’ என்று பையன் சத்தியம் செய்தான். சத்தியத்தைக் காப்பாற்றவும் செய்தான். ஆனால் அப்பாவுக்கு சி தெரியாது, டி தெரியாது. அவருக்குத் தெரிந்தது டெஸ்க்டாப். அது இருப்பது சி டிரைவில்.

ஏதோ ஒரு சி.டி.யில் நான் பதிந்து வைத்திருந்த முப்பது நாற்பது பக்கம் தப்பித்தது. திறந்து பார்த்தால் ‘ö£#µ’ என்கிற மாதிரி கிறுக்கல். அவர் பயன்படுத்திய தமிழ் மென்பொருளும் அதன் எழுத்துருவும் ஃபார்மேட்டில் போய்விட்டன. 1999-லேயே தமிழக அரசு டாம், டாப் என்று தரங்களை அறிவித்திருந்தாலும், ஆளுக்கொரு குறியீட்டில் தமிழ் ஓடிய காலம் அது. எழுத்துரு போனால் எழுத்தே போச்சு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. டைப் அடிப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

‘பேக்கப் எடுத்திருக்கணும்’ என்று முணுமுணுக்கிறீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேக்கப்பில் ஃபைல் வரும்; இன்ஸ்டால் செய்த மென்பொருள் வராது. பத்து வருஷமாக நீங்கள் உங்கள் கைக்கு ஏற்றபடி பழக்கி வைத்த அமைப்பும் வராது.

பையன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்பி காலத்தில் அவன் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் எழும்போது முதல் வேலையே டிஸ்க்கைப் படிப்பதுதான். அதற்கு அந்த போர்டின் டிஸ்க் கன்ட்ரோலருக்கான டிரைவர் வேண்டும். எக்ஸ்பி பழைய போர்டின் டிரைவரை மட்டும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும். புது போர்டில் இருட்டில் படி தேடுகிற ஆள் மாதிரி தடுக்கி விழும். நீலத்திரை. 7பி என்று முடிகிற ஓர் எண். ஆனால் அதற்கும் அதே எக்ஸ்பி சி.டி.யில் மருந்து இருந்தது. பழைய விண்டோஸைக் கண்டுபிடித்து, ரிப்பேர் செய்ய ‘ஆர்’ விசையைத் தட்டு என்று திரையிலேயே கேட்கும். ஃபைலும் மென்பொருளும் அப்படியே இருக்க, விண்டோஸ் மட்டும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அந்த ‘ஆர்’ விசையை யாரும் தட்டவில்லை. சாயந்தரத்துக்குள் ஐந்து மெஷின் கொடுக்க வேண்டிய பையனுக்கு நிச்சயமான வழி ஃபார்மேட். நஷ்டம் அவனுடையது இல்லையே!

2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு அந்தப் பாதி உண்மையும் காலாவதி. புது போர்டைப் பார்த்தால் அதுவே டிரைவர்களைத் தேடிப் போட்டுக்கொள்ளும். அந்த வருஷமே ‘விண்டோஸ் டு கோ’ என்று, பெரிய நிறுவனங்களுக்கான பதிப்பில், பென் டிரைவில் விண்டோஸை வைத்துக்கொண்டு எந்த மெஷினிலும் செருகி ஓட்டலாம் என்று மைக்ரோசாஃப்ட்டே விற்றது. (பின்னால் கைவிட்டுவிட்டார்கள், அது வேறு கதை.) லினக்ஸ்காரர்களைக் கேட்டால் சிரிப்பார்கள். டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவது அவர்களுக்கு ரொம்பப் பழைய பழக்கம்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றலாமா? கூடாது. சில இடங்களில் உண்மையாகவே வழுக்கும். முதல் ஆபத்து பிட்லாக்கர். உங்கள் டிஸ்க் உங்களுக்கே தெரியாமல் பூட்டப்பட்டிருக்கலாம். 2024-ல் வந்த விண்டோஸ் 11 பதிப்பைப் புதிதாக நிறுவினால் பெரும்பாலும் அதுவே பூட்டிக்கொள்கிறது. சாவியின் ஒரு பகுதி பழைய போர்டில் இருக்கிறது. போர்டு போனால் 48 இலக்க மீட்பு எண் வேண்டும். அதை இன்றைக்கே, இந்தப் பக்கத்தை மூடுவதற்குள், எழுதி பீரோவில் வையுங்கள். அடுத்தது, பழைய டிஸ்க் எம்.பி.ஆர். முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் புது போர்டுகள் பல அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. விண்டோஸ் 10-ல் 2017-லிருந்தே இருக்கும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்கிற கருவி எதையும் அழிக்காமல் மாற்றித் தரும். பேக்கப் எடுத்துவிட்டுச் செய்யுங்கள். நெட்வொர்க் டிரைவரை ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் இல்லாமல் இன்டர்நெட் டிரைவரைத் தேடுகிற கொடுமை வேண்டாம். வைரஸ் புகுந்த மெஷின், ஏற்கெனவே நொண்டுகிற மெஷின் என்றால் ஃபார்மேட்தான் சரி. அதை நான் மறுக்கவில்லை.

பையனை விடுங்கள். பெரிய இடத்துக்கு வருவோம். மெஷினோடு சேர்ந்து வருகிற ஓ.இ.எம். லைசென்ஸ் இருக்கிறதே, அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் மதர்போர்டோடு கட்டப்பட்ட தாலி. பழுதானதால் மாற்றினால் விதிவிலக்கு உண்டு. வேகம் வேண்டும் என்று நீங்களாக மாற்றினால் அது புது மெஷினாம், புது லைசென்ஸ் வாங்க வேண்டுமாம். அதே கேபினட், அதே டிஸ்க், அதே மானிட்டர், அதே நான்! இதய மாற்று ஆபரேஷன் செய்துகொண்டவரிடம், ‘நீ புது ஆள்’ என்று ரேஷன் கார்டைப் பிடுங்குவார்களா? தனியாக விலை கொடுத்து வாங்கிய ரீடெயில் லைசென்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை. 2016-லிருந்து லைசென்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவைத்து, போர்டு மாற்றியதும் ‘சமீபத்தில் ஹார்டுவேரை மாற்றினேன்’ என்று சொல்லி மீட்க வழியும் வைத்திருக்கிறார்கள். விற்கும்போது இதை யாராவது சொன்னார்களா உங்களுக்கு?

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே கிடையாது என்று கறார். என் மெஷின் ஆறாம் தலைமுறை. போர்டு, பிராஸசர், ராம் மூன்றையும் மாற்றப் போனேன். வேறு கடை, வேறு பையன், அதே வாக்கியம். இந்த முறை கேபினட் மேல் ‘ஃபார்மேட் செய்யாதே’ என்று கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டி எடுத்துப் போயிருந்தேன்.

‘வராது சார், ப்ளூ ஸ்க்ரீன் அடிக்கும்’ என்றான்.

‘அடிக்கட்டும். பக்கத்தில் நிற்கிறேன்.’

போர்டை மாட்டி ஆன் செய்தோம். கறுப்புத் திரை. சாதனங்களைத் தயார் செய்வதாக ஒரு வரி. ஒரு தடவை தானாக அணைந்து எழுந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் திரையைப் பார்த்தேன். பிறகு என் டெஸ்க்டாப் வந்தது. ஐகான்கள் இருந்த இடத்தில் இருந்தன. மூலையில், அப்பாவின் தப்பித்த பக்கங்கள், இப்போது யூனிகோடில்.

பையன் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பிறகு, ‘எப்பலேர்ந்து சார் இப்படி வருது?’ என்று கேட்டான்.

‘2012-லிருந்து’ என்றேன்.