வேலை தேடுவோருக்குக் கடமை, வேலை தருவோருக்குச் சலுகை

திருவனந்தபுரம் நகரின் வடக்கே, கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் அமைந்திருக்கிறது கழக்கூட்டம். ஒரு வட்டாரத்தின் உழைப்பாற்றலை வளர்க்க இன்னின்ன வேண்டும் என்று அரசுகள் இன்று பட்டியலிடுகின்றனவே, அவற்றுள் பெரும்பாலானவை இங்கே அருகருகே இருக்கின்றன. நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க், 1990ஆம் ஆண்டு ஈ.கே.நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசின் முயற்சியால் இங்கு உருவானது. இன்று 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதில் பணிபுரிகின்றனர். அரசு மகளிர் ஐ.டி.ஐ. இருக்கிறது. மாநில அரசின் அசாப் நிறுவனம் நடத்தும் சமுதாயத் திறன் பூங்கா இருக்கிறது. மேனங்குளத்தில் ஆயத்த ஆடைப் பூங்காவும், சற்றுத் தள்ளித் தும்பாவில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் உள்ளன. கற்பிக்கும் இடமும் வேலை தரும் இடமும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் இது.

ஆனால், இந்த ஊரைத் தன்னகத்தே கொண்ட மாநிலத்தின் நிலை என்ன? ஒன்றிய அரசே நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2023 ஜூலை முதல் 2024 ஜூன் வரையிலான ஓராண்டில், கேரளத்தில் 15 முதல் 29 வயதுக்குட்பட்டோரிடையே வேலையின்மை 29.9 விழுக்காடு. அகில இந்திய அளவு 10.2 விழுக்காடு. இளைஞர்களில் ஆண்களிடையே இது 19.3 விழுக்காடாகவும் பெண்களிடையே 47.1 விழுக்காடாகவும் உள்ளது. வேலை செய்ய முன்வந்து நிற்கும் இளம்பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு வேலை இல்லை என்பதே இதன் பொருள்.

படிப்பறிவில் முன்னிற்கும் மாநிலத்தில் இப்படி ஒரு நிலை ஏன்? முதலாளிகளின் சங்கங்களும் ஒன்றிய ஆட்சியாளர்களும் ஆயத்தமாக வைத்திருக்கும் விடை ஒன்று உண்டு: இளைஞர்களிடம் பட்டம் இருக்கிறது, திறன் இல்லை. இந்த விடை கேட்பதற்கு எளிதானது. குற்றம் முழுவதையும் வேலை தேடுபவரின் தலையில் ஏற்றிவிடுவதால் ஆள்வோருக்கு வசதியானதும்கூட. திறன் குறைபாடு எங்கும் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பாடத்திட்டம் பழமையானது, ஆய்வுக்கூடம் பெயரளவிலானது என்ற குறைகள் உண்மையானவை, களையப்பட வேண்டியவை. ஆனால் வேலையின்மையின் முதற்காரணம் அது அன்று. 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் 2 விழுக்காட்டினரை, அதாவது சுமார் 12 ஆயிரம் பேரை வெளியேற்றப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலைப் பணியாளர்களைக் குறிவைத்த அந்த நடவடிக்கைக்கும் திறன் பொருந்தாமையே காரணமாகச் சொல்லப்பட்டது. பல ஆண்டுகள் உழைத்து அந்த நிறுவனத்தின் இலாபத்தைப் பெருக்கியவர்கள் ஒரே நாளில் திறனற்றவர்களாகிவிட்டார்கள்! நுழைவாயிலில் நிற்பவரைத் தடுக்கவும் உள்ளே இருப்பவரை வெளியேற்றவும் ஒரே சொல் பயன்படுகிறது என்றால், அந்தச் சொல்லை ஐயத்தோடு பார்ப்பதே அறிவுடைமை.

வேலை தேடுவோரையும் வேலை தருவோரையும் இணைக்கும் பொறுப்பு அரசுடையது என்ற கருத்து இந்நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு வாழ்வளிக்க 1945இல் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொடங்கப்பட்டன. 1948இல் அவற்றின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. 1956 நவம்பர் 1 அன்று அவற்றின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது. மொழிவழி மாநிலமாகக் கேரளம் பிறந்த நாளும், குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் அதுவே. 1959இல், 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் தங்கள் காலிப்பணியிடங்களை அந்த அலுவலகங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றப்பட்டது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பல், பிறக்கும்போதே பிடுங்கப்பட்டிருந்தது. காலியிடத்தைத் தெரிவித்தால் போதும். அலுவலகம் அனுப்பும் ஆளை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தெரிவிக்காமல் மறைத்தால் முதல் முறை 500 ரூபாய் வரை அபராதம், மறுமுறை 1000 ரூபாய் வரை. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு இது ஒரு நாள் தேநீர்ச் செலவுகூட ஆகாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்துள்ளது. அலுவலகத்தின் பெயர் மாறியிருக்கிறது; ஆள் எடுக்கும் கட்டாயம் இல்லை என்ற நிலை மாறவில்லை.

கடமை இல்லாத அந்த இடத்தில் சலுகைகள் வரிசையாக வந்து அமர்கின்றன. 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. குறுகிய காலப் பயிற்சி பெற்றுச் சான்றிதழும் பெற்றவர்களில் 10 பேருக்குச் சுமார் 4 பேரே பணியமர்த்தப்பட்டிருந்தனர். ஆய்வுக்குட்பட்ட பயனாளிகளின் பதிவுகளில் 10க்கு 9க்கும் மேற்பட்டவற்றில் வங்கிக் கணக்கு விவரம் வெற்றிடமாகவோ பொருளற்றதாகவோ இருந்தது. பயிற்சி மையங்களுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. பயிற்சி பெற்றவர் எங்கே சேர்ந்தார் என்பதற்குத்தான் தடயம் இல்லை.

2024 அக்டோபரில் அறிமுகமான பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தின் கதையும் இதுவே. ஐந்தாண்டுகளில் ஒரு கோடிப் பேருக்குப் பயிற்சி என்று முழங்கப்பட்டது. முதல் சுற்றில் நிறுவனங்கள் 82 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயிற்சி வாய்ப்புகளை அளிக்க முன்வந்தன. சுமார் 28 ஆயிரம் பேர் இசைந்தனர். சேர்ந்தவர்கள் 9 ஆயிரத்துக்கும் குறைவு. திட்டம் தொடங்கியபோது மாத உதவித்தொகை 5000 ரூபாய். அதில் நிறுவனம் தருவது 500. மீதி 4500 அரசுப் பணம். அயலூரில் அறை வாடகைக்கும் உணவுக்கும் இந்தத் தொகை எப்படிப் போதும்? சேராத இளைஞர்களை முயற்சியற்றவர்கள் என்று பழிப்பவர்கள், அந்தப் பணத்தில் ஒரு மாதம் வாழ்ந்து காட்டட்டும்.

2025 ஜூலையில் ஒன்றிய அமைச்சரவை 99,446 கோடி ரூபாய் மதிப்பிலான வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. முதன்முறையாக வேலையில் சேர்பவருக்கு இரண்டு தவணைகளில் மொத்தம் 15 ஆயிரம் ரூபாய் வரை. அவரைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்துக்கோ, ஓர் ஆளுக்கு மாதம் 3000 ரூபாய் வரை இரண்டு ஆண்டுகள். உற்பத்தித் துறை என்றால் நான்கு ஆண்டுகள். ஆறு மாதம் வேலையில் வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஊக்கத்தொகை நின்ற மறுநாளும் அந்தத் தொழிலாளி வேலையில் இருப்பாரா என்ற கேள்விக்குத் திட்டத்தில் விடை இல்லை.

தொழிற்பழகுநர் சட்டத்தின் நிலையும் வேறன்று. 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனம், அவர்கள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும் என்கிறது விதி. ஆனால் பழகுநர் தொழிலாளி அல்லர் என்கிறது 1961ஆம் ஆண்டின் மூலச்சட்டம். அதனால், கற்பிக்க எடுக்கப்பட்டவர் நிரந்தரத் தொழிலாளியின் இடத்தில் நிறுத்தப்பட்டு, உதவித்தொகைக்கு முழுநேர உற்பத்தியில் ஈடுபடுத்தப்படும் கொடுமை தொழிற்பேட்டைகளில் நடக்கிறது. கற்றல் என்ற போர்வைக்குள் மலிவுக் கூலி!

இடதுசாரிகள் உருவாக்கியவற்றையும் இதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 2021இல் கேரள இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய அறிவுப் பொருளாதார இயக்கம், ஐந்தாண்டுகளில் 20 இலட்சம் பேருக்கு வேலை என்ற பெரிய இலக்கை வைத்தது. வேலை தேடுவோரையும் நிறுவனங்களையும் ஒரே இணையதளத்தில் சந்திக்கச் செய்தது. குடும்பப் பொறுப்பால் வேலையை விட்ட பெண்களையும் கணக்கில் கொண்டது. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், எவ்வளவு சிறந்த தளமானாலும் நிறுவனம் மனமுவந்து தரும் காலியிடத்தைத்தான் அது காட்ட முடியும். அரசு நிலம் தந்து, சாலையும் மின்சாரமும் கட்டடமும் தந்து வளர்த்த டெக்னோபார்க்கிலும் யாரை எடுப்பது, யாரை நீக்குவது என்பதில் பொதுமக்களுக்கு எந்தச் சொல்லும் இல்லை. ஒரு மாநில அரசு எட்டக்கூடிய எல்லையைக் கழக்கூட்டம் நமக்குக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலும் 2022 முதல் 'நான் முதல்வன்' திட்டம் பயிற்சி அளித்து வருகிறது. ஆனால் பட்டம் பெற்று, ஐந்தாண்டு பதிவு செய்து காத்திருந்தவருக்கு இங்கே கிடைப்பது மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. அதுவும் மூன்றாண்டுகளுக்கு மட்டும்.

வேலை தருவோர் எல்லோரும் ஒரே வகையினர் அல்லர் என்பதையும் மறக்கலாகாது. பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவருக்கு ஆள் தேடித் தர வேண்டும், கடன் வேண்டும், பயிற்சிச் செலவில் உதவி வேண்டும். பொதுப்பணம் முதலில் போக வேண்டிய இடம் அதுதான். பெருநிறுவனமோ, தனக்கு வேண்டிய ஆளைத் தானே பயிற்றுவித்துக்கொள்ளும் வலிமை உடையது. இருவரையும் 'தொழில்முனைவோர்' என்ற ஒரே சொல்லில் அடைத்து, சிறியவரின் பெயரால் பெரியவருக்கு அள்ளித் தருவதே நடைமுறையாக இருக்கிறது.

பெண்களின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். இரவுப் பணி முடிந்து திரும்பப் பேருந்து, கட்டுப்படியாகும் வாடகையில் விடுதி, குழந்தைக் காப்பகம் ஆகிய மூன்றும் இல்லாமல் எத்தனை சான்றிதழ் வழங்கினாலும் அந்த 47.1 விழுக்காடு குறையாது. அவ்வாறே, கட்டடம் எழுப்பவும் உணவகங்களில் உழைக்கவும் கேரளத்துக்கு வரும் தமிழகத் தொழிலாளியும் வங்கத் தொழிலாளியும், அம்மாநிலத்தின் உழைப்பாற்றலில் ஒரு பகுதியே. அவர்களை 'அதிதி தொழிலாளி' என்று அழைக்கும் பண்பு கேரளத்துக்கு உண்டு. பயிற்சியிலும் பதவி உயர்விலும் அவர்களுக்கு இடம் கிடைக்கும்போதுதான் அந்தப் பண்பு நிறைவுபெறும்.

இலவசமான பொது வேலைவாய்ப்புச் சேவையை அரசே நடத்த வேண்டும். அதன் ஆலோசனைக் குழுக்களில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் முதலாளிகளின் பிரதிநிதிகளுக்கும் சம இடம் வேண்டும் என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 88ஆம் எண் உடன்படிக்கை. இந்தியா 1959இலேயே அதை ஏற்று ஒப்பமிட்டது. ஆனால் 2008இல் உருவாக்கப்பட்ட தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தில் 51 விழுக்காடு பங்கு தனியாருடையது. ஒப்பமிட்டது ஒன்று, செய்தது வேறொன்று.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. எல்லாக் காலிப்பணியிடங்களும், ஊதிய விவரத்தோடு, மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். மறைக்கும் நிறுவனத்துக்கு உறைக்கும்படியான தண்டனை வேண்டும். அரசு நிலமோ ஊக்கத்தொகையோ பெறும் நிறுவனம் எத்தனை பேரை, எந்த ஊதியத்தில், எத்தனை ஆண்டு வைத்திருந்தது என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பழகுநருக்கும் உள்ளகப் பயிற்சியாளருக்கும் குறைந்தபட்ச ஊதியமும் தொழிலாளர் சட்டப் பாதுகாப்பும் வேண்டும். ஒன்றிய, மாநில அரசுத் துறைகளில் காலியாகக் கிடக்கும் இடங்கள் நிரப்பப்பட வேண்டும். பிறருக்கு ஆள் எடுக்கச் சொல்லும் அரசு முதலில் தன் வீட்டு வாசலைப் பெருக்கட்டும்.

ஐ.டி.ஐ. வாயிலிலும் தொழிற்பேட்டை வாயிலிலும் தொழில்நுட்பப் பூங்கா வாயிலிலும் ஒரே கேள்வி எழ வேண்டும்: "எங்களைத் தகுதிப்படுத்திக்கொள்ளச் சொன்னீர்கள், செய்தோம். உங்கள் கடமை எது?" வாலிபர் அமைப்பும் மாணவர் அமைப்பும் மாதர் அமைப்பும் தொழிற்சங்கங்களும் இந்தக் கேள்வியை ஒன்றாக எழுப்பினால், வேலை தேடுவோர் தனித்தனியே கையேந்தும் மனுதாரர்களாக இருக்கும் நிலை மாறும். வேலை என்பது தகுதி பார்த்து முதலாளி தரும் பரிசு அன்று. உழைக்க முன்வரும் ஒவ்வொருவரின் உரிமை.