டெஸ்டர் எரியலைன்னா கரண்ட் இல்லையா?

விருத்தாசலம் என்றால் இரண்டு நினைவுக்கு வரும். ஒன்று பழமலைநாதர் கோயில். இன்னொன்று பீங்கான். வீட்டு மீட்டர் பெட்டியில் மாட்டும் பியூஸ் கட்டையைச் சுட்டு அனுப்பிய ஊர் இது. கரண்ட் எங்கே தாண்டும், எங்கே தாண்டாது என்பது இங்கே சூளைத் தொழிலாளிக்கும் தெரியும்.

அப்படிப்பட்ட ஊர்ப்பக்கமே இப்போது ஓர் ஆபத்து வந்து நிற்கிறது. அதுதான் ஹைபிரிட் கார்!

பெட்ரோல் என்ஜினும் உண்டு, மின்சார மோட்டாரும் உண்டு. ஜப்பானில் 1997-ல் வந்த டொயோட்டா பிரியஸ், 2010-ல் இந்தியாவுக்கு வந்தது. 2022-க்குப் பிறகு ஹைரைடர், கிராண்ட் விடாரா, ஹைகிராஸ் என்று நம் ரோட்டிலும் ஓடுகின்றன. நம் வீட்டு கரண்ட் 230 வோல்ட். 2010-ல் வந்த அந்த பிரியஸில் பேட்டரி 201.6 வோல்ட், மோட்டாருக்குப் போகும்போது 650 வோல்ட் வரை ஏறும். தொட்டால் ஆள் காலி!

ரிப்பேருக்கு வந்த வண்டியைப் பட்டறைப் பையன் என்ன செய்வான்? டெஸ்டர் ஸ்குரூடிரைவரை வைத்துப் பார்ப்பான். விளக்கு எரியாது. "கரண்ட் இல்லண்ணே, கை வைக்கலாம்" என்பான். அங்கேதான் எமன் நிற்கிறான்!

வீட்டு கரண்டுக்கு பூமியோடு தொடர்பு உண்டு. அதனால் டெஸ்டர் எரியும். இந்தக் கார் கரண்டை வண்டி பாடியோடு சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறார்கள். அதனால் டெஸ்டர் எரியாது. ஒரு பக்கத்து ஒயர் கசிந்து பாடியைத் தொட்டால் முதலில் ஒன்றும் நடக்காது. ஆனால் பாடியில் ஒரு கையும், எதிர்முனையில் ஒரு கையும் பட்டால் முடிந்தது கதை. இதைக் கண்டுபிடிக்கத்தான் வண்டியே கசிவை அளந்து எச்சரிக்கை விளக்கைப் போடுகிறது. ஸ்கேனரில் பி0ஏஏ6 என்று கோடு வரும்.

அந்தக் கோடை அழித்துவிட்டு வண்டியை அனுப்புவது பச்சைத் துரோகம். "பேட்டரி போச்சு சார், மாத்தணும்" என்று உடனே லட்சக்கணக்கில் கேட்பதும் சரியல்ல. கசிவு பேட்டரியிலா, இன்வெர்ட்டர்-மோட்டாரிலா, ஏ.சி. கம்ப்ரஸரிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஏ.சி. போட்டால் மட்டும் விளக்கு எரிகிறதா? கம்ப்ரஸர் மீது சந்தேகப்படுங்கள். இதில் மோட்டார் உள்ளேயே இருப்பதால் தனி எண்ணெய் ஊற்ற வேண்டும். கேஸ் நிரப்பும் கடையில் சாதாரண ஏ.சி. எண்ணெயை ஊற்றினால் இன்சுலேஷன் கெட்டுவிடும். எண்ணெய் செய்த கோளாறுக்கு பேட்டரி மாற்றுவதா?

முறை இதுதான். சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். 10 நிமிஷம் காத்திருக்க வேண்டும். கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்ட் இறங்க வேண்டாமா? 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையில் காற்றடைத்து ஓட்டை பார்த்துவிட்டு மாட்ட வேண்டும். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகே ஆரஞ்சு ஒயரைத் தொடலாம். பிறகு 500 வோல்ட் மெக்கர் வைத்து ஒவ்வொரு பாகமாக அளக்க வேண்டும். சர்வதேச விதி வோல்ட்டுக்கு 500 ஓம். 650 வோல்ட்டுக்கு மூன்றேகால் லட்சம் ஓம். அதற்குக் கீழே போனால் கோளாறு.

வண்டி வைத்திருப்பவர்களே, மெக்கர் அளவை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவர் அளக்கவில்லை என்று அர்த்தம்!

கையுறையும் மெக்கரும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பையன் உயிர்? பட்டறை முதலாளிகள் யோசிக்கட்டும். ஐ.டி.ஐ.களில் இதற்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்தால் என்ன? பீங்கானில் கரண்டை அடக்கிய ஊர், பையன்களைக் கரண்டுக்குப் பலி கொடுக்கலாமா?